நண்டு ஒத்துக்கொள்ளாத துணையாள் தேவை

தோணிரேவு
செவ்வாய்க்கிழமை

அரக்கோணத்தில் வீற்றிருக்கும் என் மதிப்புக்குரிய மாமா ஏகாம்பரம் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பியும், உங்கள் கல்யாணத்தன்று உங்கள் விரலுக்குப் பொருந்தாத மோதிரத்தை விடாப்பிடியாகப் போட்டுவிட்டவனுமாகிய தமிழ்வாணன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஜமுனாவும் என் படகும் சுகம். என் ஈறு மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் அவற்றைத் தயவுசெய்து கட்டுக்குள் வைத்திருக்கவும். அன்று உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நீங்கள் முப்பத்தொரு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர், மூடி ஒட்டிய பொட்டலத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் போனில் பேசினால் பக்கத்து வீடு கேட்கிறது, குரலைப் பதிந்து அனுப்பினால் ஊரே கேட்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் பல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உயிர் நண்டைக் கட்ட மூன்று கை வேண்டும் மாமா. கடவுள் சிக்கனமாக இரண்டோடு நிறுத்திவிட்டார். அதனால் நாங்கள் என்ன செய்வோம் என்றால், நண்டை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் கொடுக்கை மடக்கி, மறு கையால் கயிற்றைச் சுற்றி, கயிற்றின் இன்னொரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவோம். கட்டாத நண்டுகளை ஒரே கூடையில் போட்டால் சொத்துத் தகராறு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று கடித்துக் கொடுக்கை ஒடித்துக்கொள்ளும், கொடுக்கு ஒடிந்த நண்டை வாங்க வருகிறவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆகவே முன்பல் என்பது எனக்குச் சிரிப்பதற்கு அல்ல, அது என் தொழில் சாமான். அந்தச் சாமான்தான் போன மாசி மாதம் ஒரு காலையில் கயிற்றோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது. கயிற்றில் ரத்தம். நண்டுக்குத்தான் காயமோ என்று முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிறகுதான் ஊர் உலகத்தில் நண்டுக்குச் சிவப்பு ரத்தம் கிடையாது என்பது ஞாபகம் வந்தது. ஜமுனாவிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கடைவாய்ப் பல்லால் கயிற்றைக் கடித்து, கழுத்து சுளுக்கிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு யாரோ என்னைப் பின்னாலிருந்து கூப்பிடுவது போல ஒரு பக்கமாகத் திரும்பியே நண்டு கட்டினேன். கடைசியில் நான் இட்லியைக் காப்பியில் ஊறவைத்துத் தின்பதைப் பார்த்துவிட்டு அவளே என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் பொன்னேரி பஸ்சில் உட்காரவைத்துவிட்டாள்.

பொன்னேரியில் பவித்ரா என்று ஒரு பல் டாக்டர். இருபத்தெட்டு வயது இருக்கும், அவ்வளவு மரியாதையான பெண், அதுதான் எனக்கு முதலிலேயே சந்தேகம். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து என் ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி ஆழம் பார்த்து, "நாலு, அஞ்சு, அஞ்சு, ஏழு" என்று சொல்லச் சொல்ல, கீதா என்ற உதவிக்காரப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். கரையில் மீன் ஏலம் கேட்டுப் பழகிய காது மாமா எனக்கு, எண் ஏற ஏறச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டில் வந்து நின்றதும் நல்ல விலை போயிருக்கிறது என்று நினைத்து ஜமுனாவைப் பார்த்துச் சிரித்தேன். எட்டு என்றால் ஈறு பல்லை விட்டு எட்டு மில்லிமீட்டர் பிரிந்து பள்ளமாகிவிட்டது என்று அர்த்தமாம். அந்தப் பள்ளத்தில் அழுக்கு இறங்கி, கீழே இருக்கிற எலும்பைத் தின்றுகொண்டிருக்கிறதாம். பிரஷ்ஷோ மஞ்சளோ உப்போ அங்கே போய்ச் சேராதாம். ஈறை லேசாக அறுத்துத் தூக்கி, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி பல்லோடு ஒட்டினாற்போல் தைத்துவிட வேண்டுமாம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் இந்நேரம் கீழே முன்பல் ஆறும் இருக்காது என்று அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

சரி, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன பயம்? புயல் காற்றில் ஏரியில் வைத்த நண்டுக் கூண்டை எடுக்கப் போனவன் நான். ஒரு பக்கம் மட்டும் அன்றைக்கே ஆரம்பிக்கலாம், முதலில் ஈறு மரத்துப்போக ஒரு ஊசி என்று சொல்லி அந்தப் பெண் கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தாள். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தேன். கண்ணைத் திறந்தபோது நாற்காலி படுக்கையாக இருந்தது, என் கால்கள் தலைக்கு மேலே இருந்தன, ஜமுனா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், டாக்டர் தன் விரலை உதறிக்கொண்டிருந்தாள். யோசிக்கும்போது வாயை மூடுவது என் வழக்கம், நடுவில் விரலை வைத்திருந்தது அவள் தவறு. ஆனால் என் சீட்டில் 'ஊசியைக் கண்டு மயக்கம்' என்று எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அதற்குப் பிறகுதான் மாமா, கடை விரித்தாள். "பயப்படறது ஒண்ணும் தப்பில்லைங்க, எத்தனையோ பேர் பயந்து பயந்தே பல்லை விட்டுடறாங்க. பயத்துக்கும் எங்ககிட்ட வழி இருக்கு" என்றாள். யாருக்குப் பயம் என்று நான் கேட்டதை அந்த அறையில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. முதல் வழி, ஈறில் மரத்துப்போகும் களிம்பு தடவி, காதில் பாட்டு மாட்டிவிட்டு, மெதுவாக ஊசி போடுவதாம். முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதுமாம். அந்த முக்கால்வாசியில் என்னைச் சேர்க்க ஜமுனா ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தது மூக்கில் ஒரு சின்ன மூடியை வைத்துக் காற்று விடுவது. அதற்குச் சிரிப்பு வாயு என்று பெயராம். தூங்க மாட்டோம், தலை லேசாகி எல்லாம் தூரத்தில் நடப்பது போல் இருக்குமாம், நிறுத்தி ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடுமாம். ஈறை அறுத்துக்கொண்டிருக்கும்போது சிரிக்க வைக்கவும் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? மூன்றாவது மாத்திரை. ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டால் பாதித் தூக்கமாக இருக்குமாம், அன்று முழுக்கப் படகில் ஏறக் கூடாதாம், வண்டி ஓட்டக் கூடாதாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாதாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் எப்படி ஒரு நாளைக் கழிப்பது என்று எனக்கு ஒரே கவலையாகிவிட்டது. நான்காவது, கை நரம்பில் ஊசி குத்தி அதன் வழியாக மருந்து ஏற்றுவது. அதற்குத் தனியாக மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்து நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம், கூப்பிட்டால் பதில் சொல்வோமாம், முடிந்த பிறகு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காதாம். ஊசிக்குப் பயப்படுகிறவனுக்கு மருந்து, இன்னொரு ஊசி. முழு மயக்கம் என்று ஒன்றும் இருக்கிறது, அது பெரிய ஆஸ்பத்திரியில் கொடுப்பது, இந்த ஈறுக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்று சொல்லிவிட்டாள். இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா மாமா, எந்த வழியில் போனாலும் ஈறில் போடுகிற ஊசி உண்டாம். அது வருகிறதே என்ற கவலை மட்டும்தான் இருக்காதாம்.

நான் நான்காவதுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஞாபகம் இருக்காது என்றால் நடக்கவே இல்லை என்றுதானே கணக்கு? அப்போதுதான் அந்தக் கீதா தன் பங்குக்கு வாயைத் திறந்தாள். "பயப்படாதீங்க சார், சில பேரு தெளியும்போது கொஞ்சம் இன்னா இன்னாவோ பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. போன மாசம் ஒருத்தரு பொண்டாட்டிக்குத் தெரியாம எடுத்த சீட்டுப் பணத்தைப் பத்தி அவங்ககிட்டயே சொல்லிக்கினு இருந்தாரு" என்று சொல்லிச் சிரித்தாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்து, இங்கே பேசுவது வெளியே போகாது என்று எனக்கு உறுதி சொன்னாள். அது போன விதத்தைத்தான் இப்போதே பார்த்தேனே! பேச்சோடு பேச்சாகக் கீதாவின் சொந்த ஊரை விசாரித்தேன். பழவேற்காடாம். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். நண்டு வாங்கி அனுப்புகிறாராம். எனக்கு ஊசி இல்லாமலேயே உடம்பெல்லாம் மரத்துப்போயிற்று.

ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரியில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது மாமா. எங்கே என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன், அது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, அக்காவின் மேல் நம்பிக்கை இல்லாததால். எங்கள் ஊர் வழக்கப்படி வருடத்துக்கு ஒரு முறை ஏரியிலுள்ள இடங்களின் பெயரையெல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, எந்த வலைக் கூட்டம் எந்த இடத்தில் எந்த முறையில் இறங்குவது என்று தீர்மானிப்போம். சீட்டில் இல்லாத இடம் அதைக் கண்டுபிடித்தவனுக்குச் சொந்தம். நானும் அந்த வலைக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு இடது பாதத்தில் திருக்கை மீனின் முள் ஏறி, ஆறு மாதம் புண் ஆறாமல், பிறகு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க முடியாமல் போய்விட்டது. நிற்க முடியாதவனுக்கு வலையில் பங்கு எப்படிக் கேட்பது? நானே விலகிக்கொண்டேன். சரி, விலகினாயே, எப்படிப் பிழைக்கப் போகிறாய் என்று ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நானே சின்னப் படகில் சுற்றிச் சுற்றி, நண்டு அடையும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, கூண்டு வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வருடமாகத் தினமும் விடிந்ததும் எல்லோரும் பார்க்கும்படி வடக்கே போய், ஒரு பெரிய வட்டம் அடித்து, யாருக்கும் தெரியாமல் அங்கே போய்ச் சேருகிறேன். எங்கள் ஊரின் மகா புத்திசாலிகளில் ஒருவருக்குக் கூட இதுவரை மூக்கில் வேர்க்கவில்லை. இப்போது நான் பொன்னேரியில் படுத்துக்கொண்டு அரை மயக்கத்தில் அந்த இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், பல் இருக்கும், கட்டுவதற்கு நண்டு இருக்காது.

இந்த இக்கட்டை உங்களிடம் சொல்லி யோசனை கேட்பதற்காகப் போனில் என் குரலைப் பதிந்து, "மாமா, மயக்கத்துல நான் நண்டு புடிக்கிற எடத்த ஒளறிட்டா இன்னா பண்றது" என்று மனம் விட்டுப் பேசி அனுப்பினேன். அனுப்பிய பிறகு பார்த்தால் அது உங்களுக்குப் போகவில்லை. 'தோணிரேவு சொந்தங்கள்' என்று எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நூற்று நாற்பத்திரண்டு பேர், அதில் போய் விழுந்திருக்கிறது. கண்ணாடி போடாமல் அனுப்பியதன் பலன். பதறிப்போய் அழித்தேன். அதற்குள் முப்பது பேர் கேட்டுவிட்டார்கள், மீதிப் பேருக்கு அந்த முப்பது பேர் நடித்தே காட்டிவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை மாமா, அதுதான் பயங்கரம். எல்லோரும் கைகூப்பும் படத்தை மட்டும் போட்டார்கள்.

அன்று முதல் ஊருக்கே என் ஈறின் மேல் அன்பு பொங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டர் சொல்லியிருக்கிறாள், மருந்து ஏற்றினால் தெளிகிற வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், துணையாள் இல்லாமல் வந்தால் செய்ய மாட்டோம் என்று. இது எப்படித்தான் வெளியே தெரிந்ததோ, முதல் ஆளாக வந்தவன் சாலமன். என்னைப் போலவே அவனும் நண்டு பிடிக்கிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணே, வியாழக்கெழம நான் வரேன். மச்சான் ஆட்டோ கீது, குந்திக்கினு போயி குந்திக்கினு வந்துடலாம்" என்றான். இவனுக்கு என் மேல் திடீரென்று என்ன பாசம்? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்தது காசியம்மாள், மீன் காய வைத்து விற்கிறாளே, என் சித்தப்பா மகள். பல் ஆடுகிறவனுக்குக் கெட்டியாக ஒன்றும் ஆகாது என்று தினமும் காலையில் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வருகிறாள். கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நான் குடித்து முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். வாயிலிருந்து ஏதாவது விழுமா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. கஞ்சி நன்றாக இருப்பதால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதாக ஊர்த் தலைவர் கிருஷ்ணனே நேரில் வந்துவிட்டார். சீட்டு எழுதிக் குலுக்குகிறவரே அவர்தான். வாசலில் நின்று, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வலி பல்லில் இருக்கும்போது காலை விசாரிக்கிறவரை என்னவென்று நினைப்பது?

சும்மா இருப்பேனா நான்? மயக்கத்தில் மனதில் ஊறியதுதானே வெளியே வரும், அப்படியானால் பொய்யை ஊற வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, என் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தீவின் பெயரைச் சொல்லி, ஐந்து நாள் காலையும் மாலையும் நூறு தடவை "பசியாவரத்துக்கு மேற்கே, பசியாவரத்துக்கு மேற்கே" என்று ஜபம் செய்தேன். நன்றாகத்தான் ஊறியது. ஆறாவது நாள் சாலமன் எதிரில் வந்து, சாப்பிட்டாச்சா அண்ணே என்று கேட்டதற்கு, "பசியாவரத்துக்கு மேற்கே" என்று சொல்லிவிட்டேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "சரிண்ணே, ஒடம்ப பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சரி, போகட்டும், நாளைக்கே அங்கே போய்க் கூண்டு வைத்து ஏமாறுவான் என்று காத்திருந்தேன். அவன் போகவே இல்லை. எவ்வளவு பெரிய தந்திரக்காரன் பாருங்கள்.

போன வாரம் மறுபடி பொன்னேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த வழி எனக்குச் சரிப்படும் என்று பார்க்க, அந்தச் சிரிப்புக் காற்றை முதலில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்றாள் டாக்டர். மூக்கில் மூடியை வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் மாமா, சுகமாகத்தான் இருந்தது. பாதத்தில் ஒன்பது வருடமாகக் கூடவே இருக்கிற அந்த வலி எழுந்து வெளியே போய் நின்றது. தலைக்குள் அலை இல்லாத ஏரி. எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள், கீதா உட்பட. இப்படி இருக்கும்போதுதானே மனுஷன் உளறுவான் என்று உடனே சுதாரித்துக்கொண்டு பல்லை இறுகக் கடித்தேன். "எப்படி இருக்குங்க?" என்று டாக்டர் கேட்டாள். ம் என்றேன். வாயைத் திறங்கள் என்றாள். ம்ஹூம் என்றேன். கால் மணி நேரம் அவள் கெஞ்ச, நான் மறுக்க, கடைசியில் காற்றை நிறுத்திவிட்டு, "ஐயா, நான் ஈறு டாக்டர். நீங்க வாயைத் திறந்தாதான் என் வேலை" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் உலகத்திலேயே வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு இடத்தில், வாயைத் திறக்கவே கூடாத நிலைமையில் இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்து ஜமுனா என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை பேசவில்லை. பஸ்சில் ஏறிய பிறகு பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே மாமா, நிதானமாக உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அந்த நான்காவது மருந்தையே எடுத்துக்கொள்வது, துணையாளாக உங்களை உட்கார வைப்பது. உங்களிடம் இருக்கிற தகுதிகள் வேறு யாரிடமும் இல்லை. நண்டு உங்களுக்கு ஆகாது. என் கல்யாண விருந்தில் ஒரே ஒரு கால் கடித்துவிட்டு உடம்பெல்லாம் தடித்து மூன்று நாள் படுத்திருந்தீர்கள். ஏரியில் உங்களுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது, படகில் ஏற்றினால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். உங்கள் இடது காது மந்தம், அந்தப் பக்கமாகவே உங்களை உட்கார வைத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. வியாழக்கிழமை காலை முதல் ரயிலில் ஏறி, சென்னையில் மாறி, பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி நின்றால் ஜமுனா வந்து அழைத்துக்கொள்வாள். உங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான். மருந்து ஏறியதும் நான் பேச ஆரம்பித்தால், அந்தக் கீதாவுக்குக் கேட்காதபடி நீங்கள் அதைவிடச் சத்தமாக உங்கள் பார்சல் ஆபீஸ் கதைகளைச் சொல்ல வேண்டும். இதற்கு உங்களுக்கு ஒத்திகை தேவைப்படாது.

மற்றபடி உங்கள் பாதங்களுக்கும் அக்காவின் பாதங்களுக்கும் என் நமஸ்காரம். அக்காவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லவும், இந்தக் கடிதத்தை அவர்கள் கண்ணில் காட்டாமலிருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். எங்கள் குலதெய்வம் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு மூடிய வாயையும் அருளட்டும்.

என்றும் உங்கள் அன்புக்கும் கேலிக்கும் உரிய மைத்துனன்,
தமிழ்வாணன்

பின்குறிப்பு (புதன்கிழமை எழுதியது):

மாமா, மேலே எழுதியதை அப்படியே மறந்துவிடுங்கள். பசை காயட்டும் என்று கவரை மேஜையில் வைத்திருந்தேன். பசை காயவில்லை, ஜமுனா படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். அடுப்பில் இருந்த குழம்பு அடிபிடிக்கிற வரை சிரித்தாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, சிரிப்பெல்லாம் போன முகத்தோடு சொன்னாள்.

"அந்த எடம் ஊருக்கே தெரியும்யா. நீ கால் போயி படுத்துக்கினு இருந்தப்பவே கிருஷ்ணண்ணன் கூட்டம் போட்டு, புதுசா நண்டு அடையுற அந்த எடத்த மட்டும் சீட்டுல எழுதாதீங்க, அது தமிழ்வாணனுக்குனு சொல்லிட்டாரு. கையில குடுத்தா நீ வாங்குவியா? ரோஷத்துல ஊர வுட்டே போயிடுவ. அதான் நீயே கண்டுபுடிச்சதா இருக்கட்டும்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல."

ஒன்பது வருடம் மாமா. நான் வடக்கே போய் வட்டம் அடிப்பதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஒரு கூண்டு கூட யாரும் அங்கே வைத்ததில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேனே, அந்த வரியை அடிக்கப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், எப்படியும் ஜமுனா போனில் அக்காவிடம் சொல்லிவிடுவாள்.

அதனால் நீங்கள் வர வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். டாக்டருக்குப் போன் செய்து, நரம்பில் ஏற்றுவது வேண்டாம், அந்தக் காற்றே போதும், இந்தத் தடவை வாயைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காற்றுக்குத் துணையாள் கட்டாயமில்லையாம். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்ளலாம், எனக்குத் தைரியமாக இருக்கும் என்றாள். இந்தத் தடவை யாருக்குத் தைரியம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குத் தெரியக் கூடாது என்று மூடிவைத்த ரகசியம் போன பிறகு உள்ளே பார்த்தால், இத்தனை நாளும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது அந்த ஊசிதான்.

சாயந்திரம் கரைக்குப் போனேன். சாலமன் கூண்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை நீ வருகிறாயா என்று கேட்டேன். சரிண்ணே என்றான். இடத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி நான்கு அடி நடந்தவன், மனது கேட்காமல் நின்று, பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

"சாலமா, எனக்கு ஊசின்னா பயம்டா."

அவன் முடிச்சை விட்டுக் கையை எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"தெரியும்ணே" என்றான்.